ஒரு கிட்டார், இரண்டு ஆம்ப்: உறுமல் வராமலிருக்க

ஒரே கிட்டாரை இரண்டு ஆம்ப்பில் வாசித்துப் பழகியவருக்கு மறுபடி ஒற்றை ஆம்ப் போதாது. ஒன்றில் தெளிவான, மணி அடித்தாற்போன்ற ஒலி. மற்றதில் லேசாகக் கரகரத்த, சதைப்பிடிப்பான ஒலி. இரண்டும் காற்றில் கலந்து காதுக்கு வரும்போது வாசிப்புக்கு ஓர் அகலம் கிடைத்துவிடுகிறது. ரோலண்ட் 1975இல் கொண்டுவந்த ஜேசி-120 ஆம்ப்பின் புகழே இதில்தான் நிற்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். கோரஸ் போட்டால் ஒரு ஸ்பீக்கர் நேர் ஒலியைத் தரும், மற்றது சுருதி மெல்ல அசையும் ஒலியைத் தரும். கோரஸ் பிறப்பது ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவிலுள்ள காற்றில். குயீன் குழுவின் பிரையன் மே, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புகளை மூன்றாகப் பிரித்து, நடுவில் நேர் ஒலி, இரு பக்கமும் தாமதித்து வரும் எதிரொலி என்று வைத்து வாசித்தவர்.

அந்த ஆசையில் நாமும் இரண்டாவது ஆம்ப்பை வாங்குகிறோம். ஒய்-கேபிள் ஒன்றை மாட்டுகிறோம். முதல் ஆம்ப்பில் ஜாக்கைச் செருகும்வரை அமைதி. இரண்டாவதில் செருகிய கணமே 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல் அறையை நிரப்புகிறது. ஆம்ப் பழுது என்று நினைத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். கடையில் அதைத் தனியாகப் போட்டுப் பார்த்தால் ஒரு சத்தமும் இருக்காது. இரண்டு ஆம்ப்பும் நல்லவைதான். இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் கோளாறு.

நடப்பது இதுதான். ஒவ்வொரு ஆம்ப்பின் உலோக உடம்பும் மூன்று பின் ப்ளக் வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கிறது. கிட்டார் கேபிளின் வெளிப்பின்னல், அதாவது ஷீல்டு, ஆம்ப்பின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. ஒரே கிட்டாரிலிருந்து இரண்டு ஆம்ப்புக்கும் கேபிள் போனவுடன் ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. முதல் ஆம்ப்பின் எர்த், அங்கிருந்து கேபிளின் ஷீல்டு, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், அடுத்த கேபிளின் ஷீல்டு, இரண்டாவது ஆம்ப், அதன் எர்த், சுவருக்குள் ஓடும் எர்த் கம்பி, மறுபடி முதல் ஆம்ப். அறையில் மின்கம்பிகளும் ட்ரான்ஸ்ஃபார்மர்களும் வீசும் காந்தப்புலம் விநாடிக்கு 50 முறை ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவே மூடிய கம்பி வளையம் ஒன்றை வைத்தால் அதில் மின்னோட்டம் பிறந்தே தீரும். ஷீல்டில் ஓடும் அந்தச் சிறு மின்னோட்டம் கிட்டாரின் சிக்னலோடு ஒட்டிக்கொள்கிறது. கிட்டாரின் சிக்னல் வெறும் மில்லிவோல்ட் கணக்கு. அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குவதற்காகவே செய்த கருவி ஆம்ப். உறுமலையும் அது அதே விசுவாசத்தோடு பெருக்கித் தருகிறது. இதற்கு எர்த் லூப் என்று பெயர். கிரவுண்ட் லூப் என்றும் சொல்வார்கள்.

வளையத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்டினால் உறுமல் நிற்கும். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே ஒரு சரியான விடைதான் இருக்கிறது. தவறான விடையோ எல்லோர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதனால் செய்ய வேண்டியவை, கூடாதவை பட்டியலை வழக்கத்துக்கு மாறாக, செய்யக்கூடாததிலிருந்து தொடங்குகிறேன்.

செய்யக்கூடாதது: ப்ளக்கின் எர்த் பின்னைத் தொடாதீர்கள்

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. இரண்டு ஆம்ப்பையும் மாட்டியவுடன் மேடை முழுக்க உறுமல். சவுண்ட் சர்வீஸ் தம்பி ஒருவர் ஓடிவந்தார். "அண்ணே, எர்த் பின்ன எடுத்துட்டா போயிரும்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் மேடைக்கு முன்னால் போய் வேறு வேலை பார்த்துத் திரும்புவதற்குள், என்னுடைய இரண்டு ஆம்ப்பின் ப்ளக்கையும் இரண்டு பின் அடாப்டர்களில் மாட்டிவிட்டார். உறுமல் நின்றது. எல்லோருக்கும் திருப்தி. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கில் 'ஒன், டூ' சொல்லக் குனிந்தேன். உதட்டில் எறும்பு கடித்தாற்போல சுரீர் என்றது. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலைத் தலையிலும் வைத்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

அன்று அது கசிவு மின்சாரம் மட்டுமே. எர்த் இல்லாமல் மிதக்கும் ஆம்ப்பின் உடம்பில், உள்ளிருக்கும் சிறு கப்பாசிட்டர்கள் வழியாகவும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகள் வழியாகவும் மின்னழுத்தம் ஏறிவிடும். மீட்டரில் பெரிதாகக் காட்டினாலும் அதன் பின்னே ஓடும் மின்னோட்டம் சொற்பம். அதனால்தான் சுரீரோடு போயிற்று. ஆனால் அந்த ஆம்ப்புகளில் ஒன்றுக்குள் ஒரு கம்பியின் இன்சுலேஷன் உரிந்து ஃபேஸ் உடம்பில் பட்டிருந்தால்? எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது ஆர்சிசிபி விழுந்திருக்கும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டும் கேபிளின் ஷீல்டு வழியாக நேரே தந்திக்கு வந்து காத்திருக்கும். இடது கை தந்தியில், உதடு மைக்கில். மின்சாரம் போகும் வழியில் இதயம்.

இதை மிகையாகச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில், மேடையில், ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தாக்கி இறந்தார். கையில் கிட்டார், தொட்டது எர்த் இல்லாத மைக். அப்போது அவருக்கு வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருக்கையில் மாண்டார்.

ஆகவே எர்த் பின்னை வெட்டுவது, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது, ப்ளக்கைத் திறந்து பச்சைக் கம்பியை மட்டும் கழற்றிவிடுவது, இரண்டு பின் அடாப்டர் போடுவது எல்லாமே ஒரே காரியம்தான். உறுமலும் எர்த்தும் ஒன்றாகப் போனால் அது மருந்து ஆகாது. நம் ப்ளக்கில் அந்தப் பின்னை மட்டும் தடியாகவும் நீளமாகவும் செய்திருப்பதற்குக் காரணம் உண்டு. சொருகும்போது முதலில் சேர வேண்டியதும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டியதும் அதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப்பை இங்கே ஓட்ட ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறோம். மலிவான பல பெட்டிகளில் எர்த் உள்ளே வருவதோடு சரி, வெளியே போவதில்லை. வாங்கும்போதே மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, சுவரில் மாட்டும் ப்ளக்கின் எர்த் பின்னிலும் வெளி சாக்கெட்டின் எர்த் துளையிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். பீப் அடிக்கவில்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு பின் ப்ளக்கோடு வந்த பழைய அமெரிக்க ஆம்ப் என்றால், மூன்று கம்பி வயர் போட்டுத்தரச் சொல்லி ஆம்ப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மெயின்ஸுக்கும் உடம்புக்கும் நடுவே அக்காலத்தில் போட்டிருந்த கப்பாசிட்டரையும் அவர் எடுத்துவிடுவார். அது ஷார்ட் ஆனால் உடம்பு முழுக்க மின்சாரம் என்பதால் அதற்கு ஆங்கிலத்தில் 'சாவுக் கப்பாசிட்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: முதலில் எது சத்தம் போடுகிறது என்று காதால் கண்டுபிடியுங்கள்

உறுமல்கள் எல்லாம் ஒன்றல்ல. எதையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குச் செலவழித்தால் பணம் மிச்சம்.

ஒரு ஆம்ப்பை மட்டும் ஆன் செய்யுங்கள். எதையும் செருகாதீர்கள். அப்போதே உறுமினால் கோளாறு அந்த ஆம்ப்புக்குள். பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். அமைதியாக இருந்தால் கிட்டாரைச் செருகி, வால்யூமைத் திறந்து கேளுங்கள். சத்தம் வந்தால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். சத்தம் செத்துவிட்டால் அது பிக்கப் பிடித்துவந்தது. நீங்கள் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் சத்தம் ஏறும், ஒரு திசையில் இறங்கும். சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம் அது. அதற்கும் இரண்டு ஆம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை.

இனி இரண்டாவது ஆம்ப்பை ஆன் செய்து கேபிளைச் செருகுங்கள். கிட்டாரின் வால்யூம் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். இப்போது உறுமல் வந்தால், எந்தத் திசையில் திரும்பினாலும் அது மாறவில்லையென்றால், இரண்டாவது ஜாக்கைப் பிடுங்கியதும் போய்விட்டால், அது எர்த் லூப்தான்.

சுருதி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே, கனத்து, வயிற்றில் தட்டுவதுபோல இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ். லூப்பாகவோ பிக்கப்பாகவோ இருக்கலாம். அதே ஜிக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தால் 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். சுருதியே பிடிபடாமல் 'சர்ர்ர்' என்று கொதிக்கும் எண்ணெய்போல இருந்தால் அறையில் ஏதோ ஒரு கருவி மின்சாரத்தை நறுக்கிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் அது மின்விசிறி. வட்டமாகத் திருகும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அது. மூன்று நாள் பெடல்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாக மின்தடை வந்து திரும்பியபோது, விசிறி சுழலத் தொடங்கும் கணத்தில்தான் சத்தமும் தொடங்கியது என்பது காதில் விழுந்தது. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் கப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாட்டினேன். தீர்ந்தது. சதுர அலை இன்வெர்ட்டரும் இதே வேலையைச் செய்யும்.

செய்ய வேண்டியது: வளையத்தை சிக்னல் வழியில் வெட்டுங்கள்

முன்னே சொன்ன ஒரே சரியான விடை இதுதான். ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் என்பது தீப்பெட்டியில் பாதி அளவே இருக்கக்கூடிய சின்னப் பொருள். உள்ளே இரண்டு சுற்றுகள். ஒன்றுக்கும் மற்றதற்கும் கம்பித் தொடர்பு கிடையாது. சிக்னல் காந்தப்புலமாக மாறி ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்குத் தாவிவிடும். ஷீல்டு தாவாது. வளையம் அறுந்தது, இரண்டு ஆம்ப்பின் எர்த் பின்னும் சுவரில் அப்படியே இருக்கின்றன.

இதை உள்ளே வைத்தே வரும் ஸ்ப்ளிட்டர் பெட்டிகள் உண்டு. ஏபிஒய் பெட்டி என்று கடைகளில் கேட்கலாம். ஏ ஆம்ப், பி ஆம்ப், அல்லது இரண்டும் என்று காலால் மாற்றலாம் என்பதால் அந்தப் பெயர். ரேடியலின் ட்வின்-சிட்டி, லேலேயின் பி-ஸ்ப்ளிட் போன்றவை பலரும் நம்பும் பெட்டிகள். எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் மூன்றைத் தேடுங்கள். ஒரு வெளியீட்டிலாவது ட்ரான்ஸ்ஃபார்மர் ஐசொலேஷன் இருக்க வேண்டும். 'போலாரிட்டி' அல்லது 'ஃபேஸ்' என்று ஒரு சுவிட்ச் வேண்டும். அதன் அருமை கீழே வருகிறது. 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சுவிட்ச் சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டுமே துண்டிக்கும். மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. பெயரைக் கேட்டு அதையும் எர்த் பின்னை எடுப்பதையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலை குறைந்த ஏபிஒய் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஒரு சுவிட்ச்சும் மூன்று ஜாக்கும் தவிர வேறொன்றும் இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு ஆம்ப் என்று மாற்றி மாற்றி வாசிக்க அது போதும். ஆனால் சுவிட்ச் மாறினாலும் ஷீல்டுகள் மூன்றும் சேர்ந்தே இருப்பதால் உறுமல் அங்கேயும் கேட்கலாம்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. ஸ்ப்ளிட்டரிலிருந்து இரண்டாவது ஆம்ப்புக்குப் போகும் கேபிளில், ஸ்ப்ளிட்டர் பக்கத்து ஜாக்கில் மட்டும் ஷீல்டின் பற்றவைப்பை எடுத்துவிடுவது. சில இடங்களில் நன்றாக வேலை செய்யும், சில இடங்களில் வேறொரு சத்தத்தைக் கொண்டுவரும். செய்தால் அந்தக் கேபிளின் மேல் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். வேறொரு நாள் அவசரத்தில் அதைச் சாதாரணக் கேபிள் என்று எடுத்து மாட்டிவிட்டால், ஏன் இப்படிச் சத்தம் வருகிறது என்று மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

செய்யக்கூடாதது: இரண்டு வெளியீட்டையும் ஐசொலேட் செய்யாதீர்கள்

ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று தோன்றும். கிட்டாரின் தந்திகளுக்கும் பாலத்துக்கும் எர்த் கிடைப்பதே கேபிளின் ஷீல்டு வழியாக ஏதாவது ஒரு ஆம்ப்பிலிருந்துதான். இரண்டு வழியையும் துண்டித்தால் கிட்டார் அந்தரத்தில் தொங்கும். தந்தியைத் தொட்டால் சத்தம் கூடும், விட்டால் வேறு மாதிரி ஆகும். ஏ ஆம்ப் நேரடியாக, பி ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக என்பதே முறை. இதனால் கிட்டாரின் பாதுகாப்பு முழுக்க ஏ ஆம்ப்பின் எர்த்தை நம்பியிருக்கிறது. இரண்டில் எந்த ஆம்ப்பின் ப்ளக்கையும் வயரையும் முழுசாக நம்புகிறீர்களோ அதை ஏ ஆக வையுங்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியை ஆம்ப்பின் தலைமேல் வைக்கவும் கூடாது. ஆம்ப்பின் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் வீசும் காந்தப்புலத்தை இந்தக் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர் அப்படியே வாங்கிக்கொள்ளும். பெடல்போர்டிலும் அடாப்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். சத்தம் இருந்தால் பெட்டியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். சட்டென்று அமைதியாகும் ஒரு கோணம் இருக்கும்.

செய்ய வேண்டியது: இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே இடத்தில் மின்சாரம்

மேடையின் இடது ஓரத்து சாக்கெட்டில் ஒரு ஆம்ப், வலது ஓரத்தில் மற்றது என்று மாட்டினால், சுவருக்குள் எர்த் கம்பி எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறதோ அவ்வளவு பெரிய வளையம். பெரிய மண்டபங்களில் இரு ஓரமும் வெவ்வேறு ஃபேஸில்கூட இருக்கும். ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டியை நடுவில் வைத்து, இரண்டு ஆம்ப்பும் பெடல்போர்டும் அதிலேயே மாட்டுங்கள். ஒரே சாக்கெட் தாங்குமா என்று பயம் வேண்டாம். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும். ஆம்ப்பின் பின்புறத் தகட்டில் அது எத்தனை வாட் இழுக்கும் என்று எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வால்வ் ஆம்ப்கூடப் பொதுவாகச் சில நூறு வாட்டோடு நின்றுவிடும். மேடை விளக்குகள் மாட்டியிருக்கும் போர்டில் மட்டும் மின்சாரம் எடுக்காதீர்கள். அதன் டிம்மர்களின் சத்தம் விளக்கு மங்கும்போதெல்லாம் 'சர்ர்' என்று உள்ளே வரும்.

சில நேரம் இதுவே போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி வாங்காமலேயே உறுமல் காதுக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான், காசும் செலவில்லை.

கேபிள்களுக்கும் இதே நியாயம். ஸ்ப்ளிட்டரிலிருந்து போகும் இரண்டு கேபிள்களும் ஆளுக்கொரு திசையில் அகன்று போனால் வளையத்தின் பரப்பு பெரிது, அது பிடிக்கும் காந்தப்புலமும் பெரிது. முடிந்த மட்டும் இரண்டையும் ஒட்டிக் கொண்டுபோய்க் கடைசியில் பிரியுங்கள். மின்கம்பியைத் தாண்ட வேண்டியிருந்தால் குறுக்காகத் தாண்டுங்கள், கூடவே ஓடவிடாதீர்கள். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி ஆம்ப்பின் பின்னால் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது: இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்று பாருங்கள்

உறுமல் போய்விட்டது. ஆனால் இரண்டு ஆம்ப்பும் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி தனித்தனியாக இருந்ததைவிட மெலிந்து, அடியொலி காணாமல் போனால்? ஒரு ஆம்ப்பின் ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. காற்றில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆம்ப்புக்குள் ஒவ்வொரு பெருக்கும் நிலையும் சிக்னலைத் தலைகீழாக்கும். ஒன்றில் நிலைகள் ஒற்றைப்படை, மற்றதில் இரட்டைப்படை என்றால் இப்படி ஆகும். அறுபதுகளின் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் போன்ற ஆம்ப்புகளில் ஒரே பெட்டியின் நார்மல் சேனலும் வைப்ரேட்டோ சேனலும்கூட ஒன்றுக்கொன்று தலைகீழ்.

இரண்டு ஆம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சமதூரத்தில் நின்று, ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டுங்கள். போலாரிட்டி சுவிட்ச்சைப் போட்டுப் பாருங்கள். எந்த நிலையில் தரை அதிர்கிறதோ அதுதான் சரி. சுவிட்ச் இல்லையென்றால் ஒரு ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினாலும் அதே பலன். ஆம்ப்பை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக் கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கும் சோதனை ஸ்பீக்கரைப் பற்றி மட்டும்தான் சொல்லும், ஆம்ப்பைப் பற்றிச் சொல்லாது. கடைசித் தீர்ப்பு காதில்தான்.

ஒரு பக்கம் வால்வ் ஆம்ப், மறு பக்கம் டிஜிட்டல் மாடலர் என்று சேர்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். டிஜிட்டல் கருவி சிக்னலை எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்க ஓரிரு மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். 2 மில்லிவிநாடி தாமதம் என்றால், இரண்டும் ஒரே வலுவில் கலக்கும்போது 250 ஹெர்ட்ஸ் பள்ளமாகிவிடும். மேலேயும் இடைவெளி விட்டுவிட்டுப் பள்ளங்கள். போலாரிட்டி சுவிட்ச் இதைச் சரிசெய்யாது. ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். வேகமான ஆம்ப்பை அந்தக் கணக்கில் பின்னால் தள்ளி வைத்தால், நேர் எதிரே இருப்பவருக்காவது இரண்டும் ஒன்றாக வந்து சேரும்.

செய்யக்கூடாதவை, சுருக்கமாக

வெறும் ஒய்-கேபிளால் நிரந்தரமாகப் பிரித்து வாசிக்காதீர்கள். ஆம்ப் ஒவ்வொன்றின் உள்ளீடும் வழக்கமாக ஒரு மெகாஓம். இரண்டைச் சேர்த்தால் பிக்கப் பார்ப்பது பாதி. கூடவே இரண்டு கேபிளின் கப்பாசிட்டன்ஸும் தலையில் ஏறும். மேல் ஒலிகள் மழுங்கிவிடும். பிக்கப்பின் மேல் இந்தச் சுமை ஏறாமல் தடுக்கும் பஃபர் உள்ள ஸ்ப்ளிட்டர் இதைத் தீர்க்கும். ட்ரான்ஸ்ஃபார்மரும் பஃபருக்குப் பின்னால் இருந்தால்தான் தெளிவாகப் பாடும். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலை மட்டும் பஃபருக்கு முன்னால், கிட்டாரை ஒட்டி வையுங்கள். அதற்குப் பிக்கப்பை நேரடியாகப் பார்த்தால்தான் உயிர்.

முதல் ஆம்ப்பின் இரண்டாவது இன்புட் துளையிலிருந்து மற்ற ஆம்ப்புக்குக் கேபிள் போட்டால் லூப் வராது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரும். ஷீல்டு அங்கேயும் சேர்கிறது.

நாய்ஸ் கேட் பெடலால் எர்த் லூப்பை மறைக்க முயலாதீர்கள். உறுமல் பெடலுக்குப் பின்னால், ஆம்ப்புக்குப் போகும் கேபிளில் சேர்கிறது. பெடல் கதவை மூடினாலும் அது வெளியேதான் நிற்கிறது.

ஸ்டீரியோ டிலே, ஸ்டீரியோ கோரஸ் பெடலின் இரண்டு வெளியீட்டிலிருந்து இரண்டு ஆம்ப்புக்குப் போனாலும் லூப் அதேதான். ஏபிஒய் பெட்டி அங்கே தேவையில்லை. ஒரு வெளியீட்டில் தனி ஐசொலேஷன் பெட்டி போட்டால் போதும். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக மின்சாரம் கொடுப்பதையும் நிறுத்துங்கள். டிஜிட்டல் பெடலின் 'கீய்ய்' சத்தம் அந்தச் சங்கிலி வழியாகத்தான் மற்றவற்றுக்கு வருகிறது.

கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் போடாதீர்கள். ஜாக் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது; வால்வ் ஆம்ப்பின் வலுவைத் தாங்காது. ஸ்பீக்கரைச் சேர்க்காமல் வால்வ் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகும். இரண்டு ஆம்ப் வைத்து மாற்றி மாற்றி மாட்டும்போது இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

செய்ய வேண்டியது: புது மேடையில், வாசிக்கும் முன்

எல்லாவற்றையும் மாட்டி, ஆன் செய்து, கிட்டாரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஏசி வோல்ட். முதலில் தந்திக்கும் மைக் தலைக்கும் நடுவே. பிறகு பி ஆம்ப்பின் உலோக உடம்புக்கும் தந்திக்கும் நடுவே. ட்ரான்ஸ்ஃபார்மர் பிரித்திருப்பதால் அந்த இரண்டும் இனி சுவர் எர்த் வழியாக மட்டுமே சேர்கின்றன. எர்த் விட்டுப்போயிருந்தால் இங்கேதான் தெரியும். ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பத்து, இருபது என்று ஏறினால் ஏதோ ஓர் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை கிட்டார் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். கச்சேரி கால் மணி நேரம் தாமதமாகலாம்.

மீட்டர் சரியென்றால் கிட்டாரைத் தோளில் போடுங்கள். இரண்டு ஆம்ப்பின் வால்யூமையும் வாசிக்கும் அளவுக்கு ஏற்றி, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, தந்திகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நில்லுங்கள். இப்போது கேட்க வேண்டியது ஸ்பீக்கரின் மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும். அதற்கு அடியில் அந்த ஜி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வால்யூமைத் திறந்து வாசிக்கத் தொடங்கலாம்.